வாசகர் கேள்வி பதில்: ஆங்கிலம் பேசும் நாடுகளும் அங்கு முன்பே இருந்த மொழிகளும்

உலக நாடுகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் குறித்தவை மிகுதியாகச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களை ஒருசேர வைத்துப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. எல்லையையும் தலைநகரையும் பற்றிக் கேட்கத் தொடங்கும் வாசகர் பலர், ஆங்கிலம் வருவதற்கு முன்பு அந்த மண்ணில் என்ன மொழி பேசினார்கள் என்ற இடத்துக்கே கடைசியில் வந்து சேர்கிறார்கள். ஒரு நாட்டை அறிய அதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே பதில்களில் அந்தப் பக்கத்தைச் சற்று விரித்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இங்கிலாந்து, பிரிட்டன், ஐக்கிய இராச்சியம் ஆகிய மூன்றும் ஒரே நாட்டின் பெயர்கள்தாமா? என் பாடநூல்களில் மூன்றும் மாறி மாறி வருகின்றன. தேர்வில் எதை எழுதுவது?
போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, தென்காசி

பதில்: மூன்றும் ஒன்றல்ல. கிரேட் பிரிட்டன் என்பது முதலாவதாக ஒரு தீவின் பெயர். அந்தத் தீவின் தெற்கிலும் நடுவிலும் இங்கிலாந்தும், வடக்கே ஸ்காட்லாந்தும், மேற்கே வேல்சும் இருக்கின்றன. பக்கத்திலுள்ள அயர்லாந்துத் தீவின் வடகிழக்கு மூலையான வட அயர்லாந்தையும் இவற்றோடு சேர்த்தால் ஐக்கிய இராச்சியம் ஆகிறது. 'கிரேட் பிரிட்டன் மற்றும் வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியம்' என்பதே அந்நாட்டின் முழுப் பெயர். தேர்வில் நாட்டைக் கேட்டால் ஐக்கிய இராச்சியம் என்றும், தீவைக் கேட்டால் கிரேட் பிரிட்டன் என்றும் எழுதுங்கள். இங்கிலாந்து அந்த நாட்டின் நான்கு பகுதிகளில் ஒன்று மட்டுமே.

இந்த நான்கும் ஒரே நாளில் ஒன்றாகிவிடவில்லை. வேல்சை இங்கிலாந்தின் சட்டத்துக்குள் கொண்டுவந்தவை எட்டாம் ஹென்றி காலத்தில் 1536-இலும் 1543-இலும் இயற்றப்பட்ட சட்டங்கள். ஸ்காட்லாந்தின் கதை வேறு. 1603-இல் முதலாம் எலிசபெத் வாரிசின்றி இறந்தபோது, ஸ்காட்லாந்தின் அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். அரசர் ஒருவரே என்றாலும் நாடாளுமன்றங்கள் இரண்டாகவே நீடித்தன. 1690-களின் இறுதியில் பனாமா பகுதியிலுள்ள தாரியெனில் குடியேற்றம் அமைக்க முயன்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் பெருந்தோல்வி கண்டு, நாட்டின் மூலதனத்தில் பெரும்பகுதியை இழந்தார்கள். அந்த நெருக்கடியும் ஒரு காரணமாக, 1707 மே 1 அன்று இரு நாடுகளும் ஒரே நாடாளுமன்றத்தின்கீழ் வந்தன. அப்போதும் ஸ்காட்லாந்து தன் நீதிமன்றங்களையும், சட்ட முறையையும், திருச்சபையையும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அவை தனியாகவே இயங்குகின்றன. 1801-இல் அயர்லாந்து முழுவதும் சேர்க்கப்பட்டது. 1921-இல் அந்தத் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு பெரும்பகுதி தனி அரசாகி, 1949-இல் முழுக் குடியரசாயிற்று. வட அயர்லாந்து மட்டும் ஐக்கிய இராச்சியத்தோடு நின்றது.

நம் ஊரில் கிரிக்கெட் வழியாகவே இந்தப் பெயர்கள் பலருக்கும் பழக்கமாகியிருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்து அணி என்று நாம் அழைப்பதை நடத்துவது இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் கிரிக்கெட் வாரியம். வேல்ஸ் வீரர்களும் அதில்தான் ஆடுகிறார்கள். கால்பந்திலோ நான்கு பகுதிகளுக்கும் நான்கு அணிகள். ஒலிம்பிக்கில் எல்லாரும் ஒரே அணி. அயர்லாந்தின் கிரிக்கெட் அணி, அரசியல் எல்லையைப் பொருட்படுத்தாமல் தீவு முழுவதற்குமாக ஆடுகிறது. 2019 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் தலைவர் ஓயின் மோர்கன் டப்ளினில் பிறந்தவர்.

2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று அங்கு வாக்கெடுப்பு நடந்தது, 55.3 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் விலகக்கூடாது என்று வாக்களித்தும், நாடு முழுவதன் முடிவு விலகுவது என்றே அமைந்தது. இந்தச் செய்திகளையெல்லாம் 'இங்கிலாந்து' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு படித்தால் எதுவுமே விளங்காது. அதனால்தான் பெயரில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன்.

கேள்வி: பிரிட்டிஷ் கொடியில் வேல்சுக்கு ஏன் இடமில்லை?
பள்ளி ஆசிரியர், விழுப்புரம்

பதில்: 1606-இல் அந்தக் கொடியின் முதல் வடிவம் உருவானபோது, இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் சிலுவையும் ஸ்காட்லாந்தின் புனித ஆண்ட்ரூ சிலுவையும் இணைக்கப்பட்டன. வேல்ஸ் அதற்கு முன்பே சட்டப்படி இங்கிலாந்தோடு கலந்துவிட்டதாகக் கருதப்பட்டதால் அதைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை என்றாயிற்று. 1801-இல் அயர்லாந்துக்காகப் புனித பேட்ரிக் சிலுவை சேர்ந்தது. வெள்ளையும் பச்சையுமான தளத்தில் செந்நிற டிராகன் நிற்கும் வேல்ஸ் கொடியை அந்நாட்டில் வீடுதோறும் காணலாம். பொதுக் கொடியில்தான் அது இல்லை.

கேள்வி: வேல்ஸ் நாட்டுக்குத் தனி மொழி இருந்ததென்று படித்தேன். அது இப்போது வழக்கொழிந்துவிட்டதா?
ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர், காரைக்குடி

பதில்: வழக்கொழியவில்லை. இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் எழுத எனக்கு ஆசை. இந்த ஓர் இடத்தில் மட்டும் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் பெயரைப் பாருங்கள். 'வேல்ஸ்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'அந்நியர்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அந்தத் தீவில் தங்களுக்கு முன்பே வாழ்ந்தவர்களை, பின்னால் வந்து குடியேறிய ஆங்கிலேயர் அவ்வாறு அழைத்தார்கள். அம்மக்கள் தங்கள் நாட்டைக் 'கம்ரி' என்கிறார்கள். 'ஒரே நாட்டைச் சேர்ந்தோர்' என்பது அதன் அடிப்பொருள். மொழியின் பெயர் 'கம்ரைக்'. அது கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தின் கிளைமொழி அன்று.

1536-ஆம் ஆண்டுச் சட்டம், வேல்ஸ் மொழியை மட்டும் பயன்படுத்துவோர் அரசுப் பதவி வகிக்க முடியாது என்றது. நீதிமன்றத்தின் மொழியும் ஆங்கிலமாயிற்று. அப்படியிருந்தும் மொழி நிலைத்ததற்கு முதன்மையான காரணம், 1588-இல் வில்லியம் மார்கன் முழு விவிலியத்தையும் வேல்ஸ் மொழியில் வெளியிட்டதுதான். தேவாலயத்திலும், பிற்காலத்தில் ஞாயிறு பள்ளிகளிலும் மக்கள் தம் மொழியிலேயே எழுத்தறிந்தார்கள். அரசு கைவிட்ட மொழியை வழிபாடு காத்தது.

1847-இல் வேல்சின் கல்வி நிலையை ஆராய்ந்த அரசு அறிக்கை ஒன்று வெளியாயிற்று. ஆராய வந்த ஆணையர் மூவருக்குமே வேல்ஸ் மொழி தெரியாது. மக்களின் பின்தங்கிய நிலைக்கும், ஒழுக்கக் குறைவு என்று தாங்கள் கருதியதற்கும் அந்த மொழியே காரணம் என்று அவர்கள் எழுதினார்கள். நீல அட்டையோடு வந்த அந்த அறிக்கையை வேல்ஸ் மக்கள் இன்றும் 'நீல நூல்களின் துரோகம்' என்றே குறிப்பிடுகிறார்கள். அந்த நூற்றாண்டில் பல பள்ளிகளில், தாய்மொழியில் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அடுத்து யார் வேல்ஸ் மொழியில் பேசி அகப்படுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி. குழந்தையைக் கொண்டே இன்னொரு குழந்தையைக் காட்டிக்கொடுக்க வைத்த இந்த முறையைப் பற்றி எப்போது படித்தாலும் மனம் கனக்கிறது.

தம் மொழியோடு வாழ வேறு நிலம் தேடியவர்களும் உண்டு. 1865-இல் 'மிமோசா' என்ற கப்பலில் சுமார் 150 பேர் லிவர்பூலிலிருந்து புறப்பட்டு, அர்ஜென்டினாவின் பட்டகோனியாவுக்குச் சென்று குடியேறினார்கள். அங்கு இன்றும் வேல்ஸ் மொழி கேட்கிறது.

1911 கணக்கெடுப்பில் வேல்சில் 43.5 விழுக்காட்டினர் அந்த மொழியைப் பேசினார்கள். பிறகு வந்த பல பத்தாண்டுகளில் அந்த விழுக்காடு இறங்கிக்கொண்டே போயிற்று. மக்களை உலுக்கி எழுப்பிய நிகழ்ச்சி ஒரு நீர்த்தேக்கம். லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக ட்ரெவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டும் சட்டம் 1957-இல் நிறைவேறியது. வேல்சின் 36 நாடாளுமன்ற உறுப்பினர்களில் 35 பேர் எதிர்த்தும், ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்காமல் இருந்தும், சட்டம் நிற்கவில்லை. வேல்ஸ் மொழி மட்டுமே புழங்கிய காப்பெல் கெலின் என்ற சிற்றூர், பள்ளியோடும் தேவாலயத்தோடும் நீரில் மூழ்கியது. நீர்த்தேக்கம் 1965-இல் திறக்கப்பட்டது. லிவர்பூல் நகர மன்றம் வருத்தம் தெரிவித்தது 2005-இல்தான்.

1979-இல் ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சரின் அரசு, வேல்ஸ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி அலைவரிசை தருவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியது. அப்போது வேல்ஸ் தேசியக் கட்சியின் தலைவர் குவின்வோர் எவன்ஸ், 1980 அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பதாக அறிவித்தார். அந்த நாள் வருவதற்கு முன்பே, செப்டம்பரில், அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பரில் ஒளிபரப்பு தொடங்கியது. 2011-இல் மொழி அதிகாரப்பூர்வ நிலையை அடைந்தது. 2021 கணக்கெடுப்பின்படி பேசுவோர் சுமார் 5.38 லட்சம் பேர், அதாவது 17.8 விழுக்காடு. 2050-க்குள் அதைப் பத்து லட்சமாக்குவது வேல்ஸ் அரசின் இலக்கு. எண்ணிக்கை இன்னும் ஏறவில்லை என்பது உண்மை. ஆனால் தம் மொழியில் படிக்கவும், வழக்காடவும், செய்தி கேட்கவும் இடம் இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் மிகக் குறுகியதாக இருந்தது.

கேள்வி: அயர்லாந்து விடுதலை பெற்று நூறாண்டுகள் ஆகியும் மக்கள் ஏன் ஆங்கிலமே பேசுகிறார்கள்?
கல்லூரி மாணவர், புதுச்சேரி

பதில்: 1937-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டப்படி அந்நாட்டின் முதல் ஆட்சிமொழி ஐரிஷ்தான். பள்ளிகளில் அது கட்டாயப் பாடம். 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களால் ஐரிஷ் பேச முடியும் என்றார்கள். ஆனால் கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் சுமார் 72,000 பேர்தான். பெரும்பாலும் மேற்குக் கடலோரத்தில் இருக்கும், 'கேல்டாக்ட்' எனப்படும் பகுதிகளில் மட்டுமே அது தெருமொழியாக நிற்கிறது.

இந்த வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. நிலவுடைமையும் வணிகமும் நீதிமன்றமும் ஆங்கிலத்துக்குப் போயின. 1831-இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. இவற்றின் மேல் வந்து விழுந்தது 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சம். ஏழைகளின் ஒரே உணவாக இருந்த உருளைக்கிழங்கை ஒரு பூஞ்சை போன்ற நோய் ஆண்டுதோறும் அழித்தது. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதைவிட மிகுதியானோர் கப்பலேறினர். அதே ஆண்டுகளில் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடைகளும் வெளியேறிக்கொண்டே இருந்தன. கொடுமையாகப் பாதிக்கப்பட்ட மேற்குப் பகுதிதான் ஐரிஷ் மொழியின் தாய்நிலம். எஞ்சிய பெற்றோர், அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகப்போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைக் கற்பித்தார்கள். 1841-இல் அந்தத் தீவில் சுமார் 82 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று குடியரசையும் வட அயர்லாந்தையும் கூட்டினால்கூட எழுபது லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது.

பஞ்ச நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து கவனித்தவர் சார்லஸ் ட்ரெவெலியன். அரசு உதவி மக்களைச் சோம்பேறிகளாக்கிவிடும் என்று கருதி, இருந்த நிவாரணத்தையும் சுருக்கியவர் என்ற கண்டனம் அவர்மேல் இன்றும் நிற்கிறது. அவரே 1859-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார்.

அந்தத் துயரத்தில் வந்த ஓர் உதவியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தங்கள் நிலத்திலிருந்து அமெரிக்க அரசால் துரத்தப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகியிராத சாக்டா பழங்குடியினர், 1847-இல் தங்களிடையே திரட்டிய 170 டாலரை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். கார்க் மாவட்டத்தின் மிடில்டன் ஊரில், கழுகின் இறகுகள் வட்டமாக நிற்பதுபோல் ஒரு நினைவுச் சின்னம் அவர்களுக்காக 2017-இல் திறக்கப்பட்டது.

கேள்வி: கால்டுவெல்லை அயர்லாந்துக்காரர் என்று சிலரும் ஸ்காட்லாந்துக்காரர் என்று சிலரும் எழுதுகிறார்கள். ஜி.யு. போப்பை எல்லாரும் ஆங்கிலேயர் என்கிறார்கள். எது சரி?
தமிழாசிரியை, பாளையங்கோட்டை

பதில்: கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில், கிளாடி என்ற ஊரில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பியது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்தபோதுதான் மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் ஆர்வம் அவருக்கு உண்டாயிற்று. ஆக, பிறந்த மண் அயர்லாந்து, குடிவழி ஸ்காட்லாந்து. அன்று இரண்டுமே ஐக்கிய இராச்சியத்துக்குள் இருந்தன. இரு சாராரும் சொல்வது தவறில்லை. 1838-இல் சென்னைக்கு வந்து, இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அவர், 1891-இல் கொடைக்கானலில் மறைந்தார்.

போப்பைப் பற்றிய செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். அவர் பிறந்தது 1820-இல், இன்று கனடாவின் மிகச் சிறிய மாகாணமாக இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டது. கனடா என்ற கூட்டரசு 1867-இல்தான் உருவாயிற்று. அந்தத் தீவு அதில் சேர்ந்தது 1873-இல். எனவே அவரைக் கனடா நாட்டவர் என்று எழுதுவது காலப்பிழை. கனடாவில் பிறந்த ஆங்கிலேயர் என்று எழுதலாம். திருக்குறளை 1886-இலும் திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் தந்த அவர், 1908-இல் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். வகுப்பறையில் கனடாவின் வரைபடத்தை விரிக்கும்போது அந்தச் சிறு தீவைச் சுட்டிக்காட்டுங்கள், மாணவர் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: நியூசிலாந்தில் தமிழ் எழுத்துள்ள மணி கிடைத்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா? அப்படியானால் தமிழர் அங்கு முதலில் குடியேறினார்களா?
வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மணி உண்மை. 1836-ஐ ஒட்டிய காலத்தில், வில்லியம் கொலென்சோ என்ற மதப்பணியாளர் நியூசிலாந்தின் வடபகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது விளிம்பு உடைந்த ஒரு கப்பல் மணி. அதன்மேல் இருந்த எழுத்து தமிழ் என்றும், முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள் என்றும் பின்னர் தெரியவந்தது. இப்போது அது வெலிங்டனில் உள்ள தெ பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு மணி கிடைத்ததை வைத்துக் குடியேற்றத்தை நிறுவ முடியாது. நம் கடற்கரையின் முஸ்லிம் வணிகர்கள் தென்கிழக்கு ஆசியாவரை கப்பல் ஓட்டினார்கள். அங்கிருந்து ஒரு மணி எத்தனையோ கைகள் மாறிப் போயிருக்கலாம். நியூசிலாந்தில் முதலில் குடியேறியவர்கள் பசிபிக் தீவுகளிலிருந்து படகேறி வந்த மாவோரிகளின் முன்னோர்களே. தமிழின் பெருமைக்கு அந்தக் கப்பலின் வணிகமே போதும். இன்னொரு மக்களின் நிலத்தை நம் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

கொலென்சோவை நியூசிலாந்து நினைவில் வைத்திருப்பதற்கு மணியைவிடப் பெரிய காரணம் உண்டு. 1840 பிப்ரவரி 6 அன்று, வைட்டாங்கியில், பிரிட்டிஷ் அரசின் சார்பில் வில்லியம் ஹாப்சனும் மாவோரித் தலைவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் ஆங்கில வடிவம், தலைவர்கள் முழு இறையாண்மையையும் அரசிக்கு அளிப்பதாகச் சொல்கிறது. இரவோடிரவாக மொழிபெயர்க்கப்பட்ட மாவோரி வடிவத்திலோ, இறையாண்மைக்கு நேராக 'காவானதாங்கா' என்ற சொல் நின்றது. ஆங்கிலத்தின் 'கவர்னர்' என்ற சொல்லை மாவோரி ஒலிக்கு மாற்றி உண்டாக்கிய சொல் அது. நிர்வாகம் என்ற அளவில்தான் பொருள் தரும். மேலும், தலைவர்களின் 'ரங்கதிராதாங்கா', அதாவது தலைமையுரிமை, அவர்களிடமே இருக்கும் என்று அந்த வடிவம் உறுதி கூறியது. கையெழுத்திடும் நேரத்தில் கொலென்சோ எழுந்து, இதன் பொருள் இவர்களுக்கு விளங்கியிருக்கிறதா என்று ஹாப்சனிடம் கேட்டார். தன்னால் இயன்றதைச் செய்துவிட்டதாக ஹாப்சன் சொல்ல, கையெழுத்து தொடர்ந்தது. 500-க்கும் மேற்பட்ட தலைவர்கள் அடுத்த மாதங்களில் ஒப்பமிட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இட்டது மாவோரி வடிவத்தில்.

ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு ஒரு நாட்டின் நூற்றெண்பது ஆண்டு வழக்காக நீண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நிலம் பறிபோனது பற்றிய முறையீடுகளைக் கேட்க 1975-இல் வைட்டாங்கி தீர்ப்பாயம் அமைந்தது. 1985-இல் அதன் அதிகாரம் 1840 வரை பின்னோக்கி நீட்டிக்கப்பட்டது. பள்ளியில் மாவோரி பேசியதற்காக அடிவாங்கிய தலைமுறையின் பிள்ளைகள், 1972-இல் 30,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு நாடாளுமன்றத்துக்கு மனு கொண்டுசென்றார்கள். 1982-இல் 'கோஹங்கா ரேயோ' என்ற மழலைப் பள்ளிகள் தொடங்கின. 'மொழிக்கூடு' என்பது அதன் பொருள். மொழி தெரிந்த பாட்டிகளும் தாத்தாக்களும் குழந்தைகளோடு நாள் முழுவதும் மாவோரியில் மட்டுமே பேசுவார்கள். 1987-இல் மாவோரி ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று.

கேள்வி: சிட்னி இருக்க, ஆஸ்திரேலியாவின் தலைநகர் ஏன் கான்பெரா?
பத்தாம் வகுப்பு மாணவன், ஓசூர்

பதில்: 1901-இல் ஆறு குடியேற்றங்கள் சேர்ந்து கூட்டரசானபோது சிட்னியும் மெல்போர்னும் தலைநகராகப் போட்டியிட்டன. அரசமைப்புச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு ஒரு சமரசம் செய்தது: தலைநகர் நியூ சவுத் வேல்சில் இருக்கும், ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது 100 மைல் தள்ளி இருக்கும், அதுவரை நாடாளுமன்றம் மெல்போர்னில் கூடும். 1908-இல் இடம் தேர்வாயிற்று. நகர வடிவமைப்புப் போட்டியில் சிகாகோவைச் சேர்ந்த வால்டர் பர்லி கிரிஃபின் வென்றார்; நடுவர்களைக் கவர்ந்த வரைபடங்களைத் தீட்டியவர் அவருடைய மனைவி மரியன் மஹோனி கிரிஃபின். நாடாளுமன்றம் அங்கு குடிபெயர்ந்தது 1927 மே 9 அன்று.

அந்தத் திறப்பு விழாவுக்கு, விரஜூரி என்ற பழங்குடி மக்களைச் சேர்ந்த முதியவர் ஜிம்மி கிளெமென்ட்ஸ் நெடுந்தூரம் நடந்தே வந்தார். அவருடைய உடையைக் காரணம் காட்டிக் காவலர் விலக்க முயன்றபோது, கூடியிருந்த பொதுமக்கள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். 1788-இல் ஆங்கிலேயர் வந்திறங்கியபோது அந்தக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. அவற்றைப் பேசியோரை நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொன்ன 127-ஆம் பிரிவு, 1967 வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் ஆதரவோடு நீக்கப்பட்டது.

கேள்வி: மொன்றியலில் இருக்கும் என் மகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டுமாம். ரொறன்ரோவில் இருக்கும் மகனின் பிள்ளைகளோ ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ஒரே நாட்டில் ஏன் இப்படி?
தாயார் ஒருவர், யாழ்ப்பாணம்

பதில்: அம்மா, அந்த இரண்டு நகரங்களும் வெவ்வேறு மாகாணங்களில் இருக்கின்றன, பள்ளிக் கல்வி மாகாணங்களின் பொறுப்பு. மொன்றியல் இருக்கும் கியூபெக்கில் பிரெஞ்சுக்காரர்கள் 1608 முதலே குடியிருந்தார்கள். 1763 ஒப்பந்தத்தில் பிரான்ஸ் அந்நிலத்தை பிரிட்டனிடம் இழந்தது. மக்கள் தங்கள் மொழியை இழக்கவில்லை. 1774-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய சமயத்தையும் உரிமையியல் சட்டத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் மொன்றியலின் பெருவணிகம் ஆங்கிலத்திலேயே நடந்தது; வந்து குடியேறியோரும் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள். இப்படியே போனால் தம் மொழி சிறுத்துவிடும் என்று அஞ்சிய கியூபெக், 1977-இல் 101-ஆம் சட்டத்தை இயற்றியது. குடியேறியோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்பது அதன்படிதான். கியூபெக் பிரிந்து போகலாமா என்று 1995-இல் நடந்த வாக்கெடுப்பில், வேண்டாம் என்றோர் 50.58 விழுக்காடு. அவ்வளவு நெருங்கி வந்தது.

உங்கள் பேரப்பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சும், தெருவில் ஆங்கிலமும் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். தமிழை அவர்களுக்குத் தரக்கூடியவர் நீங்கள்தான்; தொலைபேசியில் நீங்கள் தமிழிலேயே பேசுங்கள்.

கேள்வி: அமெரிக்காவின் ஆட்சிமொழி ஆங்கிலம் என்று அதன் அரசமைப்புச் சட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறது?
வழக்கறிஞர், மதுரை

பதில்: எந்த இடத்திலும் இல்லை. ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்தது 2025 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த நிர்வாக ஆணை. அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று. வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் அந்நாட்டில் நான்கு கோடிக்கும் மேல் இருக்கிறார்கள். மிசிசிப்பி, மாசசூசெட்ஸ் முதலாகப் பல மாநிலங்களின் பெயர்களே பழங்குடி மொழிச் சொற்கள்.

மாநில அளவில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஹவாய். அது தனி அரசாக இருந்து, 1893-இல் கவிழ்க்கப்பட்டு, 1898-இல் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. இடையில், 1896-இல், பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று சட்டம் வந்தது. 1978-இல் மாநில அரசமைப்பு ஹவாய் மொழியையும் ஆட்சிமொழியாக்கியபோது, அதைப் பேசும் குழந்தைகள் மிகச் சிலரே எஞ்சியிருந்தார்கள். நியூசிலாந்தின் மொழிக்கூடுகளைப் பார்த்து, 1984-இல் ஹவாயிலும் அதே முறையில் மழலைப் பள்ளி தொடங்கினார்கள். அந்தக் குழந்தைகள் வளர வளர, வகுப்பு வகுப்பாகப் பள்ளியும் மேலே வளர்ந்தது. 1999-இல், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், முழுவதும் ஹவாய் மொழியில் பயின்ற முதல் மாணவர்கள் மேல்நிலைப் பள்ளியை முடித்து வெளியே வந்தார்கள்.